மறைந்துபோன ஓர் இலகு கார் நிறுவனத்தின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி: ஜி.என். நிறுவனத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இன்றுவரை நிலைத்திருக்கும் நிறுவனங்களையே நாடுகிறார்கள். அவற்றுக்கு ஆவணக் காப்பகம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு, நிறுவனமே எழுதி வெளியிட்ட வரலாறும் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் மட்டுமே இயங்கி மறைந்த சிறு தயாரிப்பாளர்களுக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் முதல் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னும் பிரிட்டனிலும் பிரான்சிலும் பெருமளவில் முளைத்த இந்தச் சிறு நிறுவனங்கள்தாம், மோட்டார் சைக்கிளுக்குமேல் செலவழிக்க இயலாத மனிதருக்கும் கார் ஓட்டும் வாய்ப்பை முதன்முதலில் உண்டாக்கின. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முறையாக ஆராய விரும்புகிறவருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 1910இல் இங்கிலாந்தில் தொடங்கி 1920களின் நடுப்பகுதிக்குள் முடிந்துபோன ஜி.என். நிறுவனத்தைக் கொள்கிறேன்.

வழிமுறையின் அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மட்டும் பின்தொடர்ந்தால், அது கழற்றப்பட்ட ஆண்டோடு உங்கள் ஆராய்ச்சியும் நின்றுவிடும். அதன் பொறியமைப்பையும் அதை உருவாக்கிய மனிதர்களையும் பின்தொடர்ந்தால், நிறுவனம் மூடப்பட்ட பின்னரும் பல பத்தாண்டுகளுக்குக் கதை நீள்வதைக் காண்பீர்கள்.

வகையையும் காலத்தையும் வரையறுத்துக்கொள்ளுதல்

சைக்கிள்கார், இலகு கார் ஆகிய இரண்டு சொற்களும் அக்கால எழுத்துகளில் கலந்தே வரும். 1912 டிசம்பரில் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கழகங்களின் கூட்டமைப்பு சைக்கிள்காருக்கு ஒரு வரையறை வகுத்தது. அதன்படி பெரிய பிரிவுக்கு எடை 350 கிலோவுக்கும் என்ஜின் கொள்ளளவு 1100 கன சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாது. சிறிய பிரிவுக்கு எடை 150 முதல் 300 கிலோ வரை, கொள்ளளவு 750 வரை. கிளட்ச்சும் வேகமாற்றும் கியரும் இரு பிரிவுகளுக்கும் கட்டாயம். இதற்கு மேற்பட்ட, ஆனால் முழுமையான பெரிய கார் என்று சொல்ல முடியாத வண்டிகளை இலகு கார் என்றார்கள். எல்லைக்கோடு நடைமுறையில் இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரே நிறுவனம் ஓராண்டு சைக்கிள்கார் என்று விளம்பரம் செய்து, வாங்குவோரின் மனநிலை மாறியதும் அடுத்த ஆண்டு இலகு கார் என்று விளம்பரம் செய்ததுண்டு. ஆகவே தேடும்போது இரண்டு சொற்களையும் கொண்டு தேடுங்கள்.

கால எல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரான்சில் ராபர்ட் பூர்போவும் ஆன்றி தெவோவும் உருவாக்கிய பெதெலியா, இங்கிலாந்தில் ஜி.என். ஆகிய இரண்டும் ஒரே ஆண்டில், அதாவது 1910இல் தோன்றின. ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை அல்ல. மோட்டார் சைக்கிள் என்ஜின்கள் நம்பத்தக்கவையாக மாறிவிட்ட அந்த நேரத்தில், அவற்றைக் கொண்டு நான்கு சக்கர வண்டி கட்டலாம் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் பிறந்துவிட்டது. பெதெலியாவில் ஓட்டுபவர் பின்னாலும் உடன் வருபவர் முன்னாலும் அமர்ந்தனர். ஜி.என். வண்டியில் இருவரும் அருகருகே அமர்ந்தனர். இத்தகைய ஒப்பீடு ஒன்றைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால், நீங்கள் ஆராயும் நிறுவனத்துக்கு மட்டுமே உரிய கூறு எது, காலத்தின் பொதுக்கூறு எது என்பது தெளிவாகும்.

ஆவணங்களுக்கு முன் பொறியைப் படியுங்கள்

பலர் நேராகக் காப்பகத்துக்குப் போய்விடுகிறார்கள். காரின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் ஆவணங்களைப் படித்தால், எந்த வரி முக்கியமானது என்று தெரியாது. ஓர் உண்மையான வண்டியையோ, அது இயலாவிட்டால் தெளிவான படங்களையும் வரைபடங்களையுமோ வைத்துக்கொண்டு, என்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை சக்தி எந்த வழியாகச் செல்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

போருக்கு முந்தைய ஜி.என். வண்டிக்கு மரத்தாலான சேஸி, அதாவது அடிச்சட்டம் இருந்தது. முதல் வண்டிகளில் பிற நிறுவனங்களின் வி வடிவ இரு சிலிண்டர் என்ஜின்களைப் பொருத்தினர். 1911 முதல், சில பியூஜோ பாகங்களையும் சேர்த்துத் தாங்களே என்ஜின் செய்தனர். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பிவடம், அந்த வடம் இழுக்க முன்சக்கரங்கள் திரும்பும். சக்தி சங்கிலி வழியாக ஒரு குறுக்குத் தண்டுக்கும், அங்கிருந்து பெல்ட் வழியாகப் பின்சக்கரங்களுக்கும் சென்றது. போருக்குப் பின் 1919இல் சேஸி எஃகாக மாறியது, பெல்ட் முற்றிலும் விலக்கப்பட்டு எல்லாமே சங்கிலியாயின. அப்போதைய வண்டியை முன்பக்கத்திலிருந்து பார்த்தால், என்ஜின் மூடியின் இருபுறமும் காற்றால் குளிரும் சிலிண்டர்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஜி.என்.னை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை.

இந்தச் சங்கிலி அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் வரலாறு முழுவதும் இதில்தான் தொங்குகிறது. என்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாக நீளத் தண்டு ஒன்றில் வந்து, சாய்பல் சக்கரப் பெட்டி ஒன்றில் திசை திரும்பி, வண்டிக்குக் குறுக்கே கிடக்கும் தண்டை அடைகிறது. அந்தக் குறுக்குத் தண்டிலும் பின் அச்சிலும் அளவு வேறுபட்ட பல்சக்கரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வேகத்துக்கும் தனிச் சங்கிலி. எல்லாச் சங்கிலிகளும் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டுநர் கியர்த் தண்டை நகர்த்தும்போது, டாக் கிளட்ச் எனப்படும் பல்வாய் இணைப்பு ஒன்று ஒரு பல்சக்கரத்தைத் தண்டோடு கவ்விக்கொள்கிறது. அந்தச் சங்கிலி மட்டும் சுமையை ஏற்கிறது. மூடிய கியர்ப்பெட்டியும் இல்லை, இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் பின் அச்சில் இல்லை.

இதன் விளைவுகளை நீங்களே ஊகித்து எழுதிப் பாருங்கள். பாகங்கள் குறைவு என்பதால் எடையும் விலையும் குறைகின்றன. கியர் மாற்றம் மிக விரைவாக நடக்கிறது. ஒரு பல்சக்கரத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால், மலையேற்றப் பந்தயத்துக்கு ஒரு விகிதமும் நெடுஞ்சாலைக்கு வேறொரு விகிதமும் கிடைக்கும். டிஃபரன்ஷியல் இல்லாததால் வளைவில் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல வேண்டியுள்ளது, வண்டி சற்று வழுக்கியே திரும்புகிறது. பின்சக்கரங்களின் இடைவெளியைக் குறுக்கி வைத்ததற்குக் காரணம் இதுதான். மறுபக்கத்தில், திறந்து கிடக்கும் சங்கிலிகளில் சேறும் தூசியும் படிகின்றன. அடிக்கடி எண்ணெய் இட்டுப் பராமரிக்க வேண்டும். பந்தயக்காரர் இதைப் பொறுத்துக்கொள்வார், குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். நிறுவனத்தின் புகழும் வீழ்ச்சியும் இந்த ஓர் அமைப்பிலேயே சேர்ந்து கிடப்பதை இந்த இடத்தில் கண்டுகொள்ளலாம்.

எந்த ஆவணத்தை எங்கே தேடுவது

பிரிட்டிஷ் நிறுவனம் என்றால் ஐந்து வகை ஆவணங்கள் கைகொடுக்கும்.

கலைக்கப்பட்ட நிறுவனங்களின் பதிவுக் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 (BT 31) என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாக் கோப்புகளும் தப்பவில்லை; தப்பியவற்றில் இயக்குநர்கள், பங்குதாரர்கள், மூலதனம், பதிவு அலுவலக முகவரி ஆகியவை கிடைக்கும். முகவரி மாற்றங்களைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஜி.என். ஹெண்டனில், நிறுவனர் இருவருள் ஒருவரான ஃப்ரேசர்-நாஷின் குடும்ப வீட்டுக் குதிரை லாயத்தில் தொடங்கியது. 1919இல் பிரிட்டிஷ் கிரெகுவார் என்ற நிறுவனம் அதை வாங்கியபோது வாண்ட்ஸ்வொர்த்தின் ஈஸ்ட் ஹில்லுக்கு இடம் மாறியது. முகவரி மாறிய ஆண்டும், சேஸி மரத்திலிருந்து எஃகுக்கு மாறிய ஆண்டும், உரிமை கைமாறிய ஆண்டும் ஒன்றாக அமைவதைப் பார்த்தீர்களானால், கைத்தொழில் பட்டறை தொழிற்சாலையாக மாறிய தருணம் அதுவே என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாவது, லண்டன் கெசட் என்ற அரசிதழ். கடன் தீர்ப்பு நிர்வாகி நியமனம், நிறுவனக் கலைப்பு, கூட்டாளிகள் பிரிதல் ஆகியவற்றின் அறிவிப்புகள் இதில் வரும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நிறுவனம் எப்போது மூடப்பட்டது என்பதில் இரண்டாம் நிலை எழுத்துகள் முரண்படும்போது அரசிதழையே நம்புங்கள்.

மூன்றாவது, அக்கால இதழ்கள். சைக்கிள்கார்களுக்கென்றே ஒரு வார இதழ் 1912 நவம்பரில் லண்டனில் தொடங்கப்பட்டது என்பதே அந்த ஆர்வத்தின் அளவைக் காட்டும். இதழ்களைப் படிக்கும்போது விளம்பரம், செய்தி, ஓட்டிப் பார்த்த அனுபவக் குறிப்பு, வாசகர் கடிதம் ஆகிய நான்கையும் வெவ்வேறாகப் பிரித்து வையுங்கள். விளம்பரத்தில் அறிவிக்கப்பட்ட மாதிரி விற்பனைக்கு வராமலே போயிருக்கலாம். என் மதிப்பீட்டில் வாசகர் கடிதங்களே மிகுந்த பயன் தருபவை. பெல்ட் எத்தனை மைல் உழைத்தது, மழையில் எப்படி வழுக்கியது, மலைச்சாலையில் என்ன உடைந்தது என்பதையெல்லாம் பணம் கொடுத்து வாங்கியவர்கள் அங்கேதான் எழுதினார்கள்.

காப்புரிமை விவரங்கள் நான்காவது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பிரிட்டிஷ் காப்புரிமைகளையும் காணலாம். நிறுவனத்தின் பெயரைக்கொண்டு தேடுவதோடு நிறுத்தாமல், நிறுவனர்களின் பெயர்களைக்கொண்டும் தேட வேண்டும்.

ஐந்தாவது, வாகனப் பதிவேடுகள். பிரிட்டனில் 1904 ஜனவரி 1 முதல் மாவட்ட மன்றங்களும் பெருநகர மன்றங்களும் வாகனங்களைப் பதிவு செய்தன. தப்பிய பதிவேடுகள் இப்போது அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. பதிவெழுத்து, வண்டி முதலில் பதிவான இடத்தையே காட்டும், செய்யப்பட்ட இடத்தை அன்று. பி (P) என்ற எழுத்து சர்ரேயையும் எச் (H) என்ற எழுத்து மிடில்செக்சையும் குறிக்கும். ஹெண்டன் அன்று மிடில்செக்சில் இருந்தது என்பதற்காக எச் எழுத்துள்ள ஒவ்வொரு வண்டியும் தொழிற்சாலையே பதிந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

உற்பத்தி எண்ணிக்கை பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் போதும். ஜி.என். தொழிற்சாலை உச்ச நிலையில் வாரத்துக்கு 55 கார்கள் செய்ததாகப் பல இடங்களில் படிப்பீர்கள். உச்ச வாரத்தின் எண்ணை 52ஆல் பெருக்கி ஆண்டு உற்பத்தி என்று எழுதாதீர்கள்.

ஏன் மூடப்பட்டது என்பதைக் கணக்கிட்டே சொல்லுங்கள்

சிறு நிறுவனங்கள் வீழ்ந்ததற்குப் "போட்டி" என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாகச் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அது விளக்கமாகாது. யார், எந்த விலையில், எதைக் கொடுத்துப் போட்டியிட்டார்கள் என்று காட்ட வேண்டும்.

ஜி.என். 1921இல் கடன் தீர்ப்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது. புதிய உரிமையாளர் வெகுசன உற்பத்தியையே விரும்பினார். 1922இல் நிறுவனர் இருவரும் விலகினர். நீரால் குளிரும் நான்கு சிலிண்டர் என்ஜினும் தண்டுவழி இயக்கமும் கொண்ட வழக்கமான கார் ஒன்று ஜி.என். பெயரில் வந்தது. அதே ஆண்டில் ஆஸ்டின் செவன் என்ற சிறு கார் 165 பவுண்டு விலையில் அறிவிக்கப்பட்டது. நான்கு சிலிண்டர், நீர்க்குளிர்ச்சி, நான்கு சக்கரங்களுக்கும் பிரேக், பெற்றோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இடம் என்று அனைத்தும் அதில் இருந்தன.

இந்த ஒப்பீட்டில் விலையைவிடச் சுவையானது வரி. 1921 முதல் பிரிட்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம் ஆண்டு வரி விதிக்கப்பட்டது. அந்தக் குதிரைத்திறன் உண்மையாக அளந்து பெறப்பட்டதன்று. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்துப் பெறுவது. பிஸ்டன் எவ்வளவு நீளம் நகர்கிறது என்பது கணக்கிலேயே வராது. ஜி.என். என்ஜினின் சிலிண்டர் விட்டம் 84 மில்லிமீட்டர், அதாவது 3.31 அங்குலம். வர்க்கம் ஏறத்தாழ 10.9, இரு சிலிண்டருக்கு 21.9, 2.5ஆல் வகுத்தால் 8.7. ஆஸ்டின் செவனின் 747 கன சென்டிமீட்டர் என்ஜினுக்கு விட்டம் 56 மில்லிமீட்டர், அதாவது 2.2 அங்குலம். வர்க்கம் 4.86, நான்கு சிலிண்டருக்கு 19.4, வகுத்தால் 7.8. நான்கு சிலிண்டரும் நீர்க்குளிர்ச்சியும் உள்ள முழுக் கார், இரு சிலிண்டர் சைக்கிள்காரைவிடக் குறைந்த வரி செலுத்தியது. எளிமையால் கிடைத்த சிக்கனமே ஜி.என்.னின் விற்பனை வாதமாக இருந்தது, அந்த வாதத்தை வரிச் சூத்திரமே பறித்துவிட்டது. நீங்கள் ஆராயும் நிறுவனத்தின் என்ஜினுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் பல பக்க ஊகங்களை மிச்சப்படுத்தும்.

1923இல் கார் உற்பத்தி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெயர் இன்னும் சிறிது காலம் நீடித்தது.

மனிதர்களைப் பின்தொடர்தல்

ஜி.என். என்ற எழுத்துகள் எச்.ஆர். காட்ஃப்ரே, ஆர்ச்சிபால்ட் ஃப்ரேசர்-நாஷ் ஆகியோரைக் குறிப்பவை. இருவரும் லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ரக்பியில் இருந்த வில்லன்ஸ் அண்ட் ராபின்சன் நிறுவனத்தில் தொழில் பயின்றவர்கள். இவர்களுக்கு ஆளுக்கொரு தாள் ஒதுக்கி, ஆண்டுவாரியாக எழுதிக்கொண்டே போங்கள்.

ஃப்ரேசர்-நாஷ் 1921இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நடந்த 200 மைல் பந்தயத்தில் ஜி.என். வண்டியில் 1100 கன சென்டிமீட்டர் பிரிவை வென்றவர். நிறுவனத்தை விட்டு விலகியதும் தம் பெயரிலேயே தனி நிறுவனம் தொடங்கினார். கிங்ஸ்டனில் 1924 முதல் அவர் செய்த ஃப்ரேசர் நாஷ் கார்களில், நாம் மேலே விரிவாகப் பார்த்த அதே சங்கிலிகள் இருந்தன, என்ஜின் மட்டுமே நான்கு சிலிண்டராக மாறியது. 1920களின் இறுதியில் அந்நிறுவனம் ஆல்டிங்டன் சகோதரர்களின் கைக்குப் போனது. அவர்கள் ஐல்வொர்த்தில் 1930கள் முழுவதும் சங்கிலி வண்டிகளைத் தொடர்ந்து செய்தார்கள், 1934 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களை ஃப்ரேசர் நாஷ் பெயரையும் சேர்த்து பிரிட்டனில் விற்றார்கள். ஃப்ரேசர்-நாஷ் கார்த் தொழிலைவிட்டு விலகி, நாஷ் அண்ட் தாம்சன் நிறுவனம் வழியாக விமானங்களுக்கான நீரியல் அழுத்தத் துப்பாக்கிக் கோபுரங்களை வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த கோபுரங்களின் பெயரில் வரும் எஃப்.என். அவருடைய பெயரெழுத்துகளே.

காட்ஃப்ரேயின் தாள் இதைவிட அமைதியானது, எனக்கு இதைவிடப் பிடித்தமானதும் கூட. ஜி.என்.னின் சந்தையைக் கைப்பற்றிய ஆஸ்டின் செவனையே அடிப்படையாகக் கொண்டு 1920களின் இறுதியில் காட்ஃப்ரே-ப்ராக்டர் என்ற சிறு விளையாட்டுக் காரைச் செய்தார். பின்னர் ஹால்ஃபர்ட், ராபின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1936இல் எச்.ஆர்.ஜி. நிறுவனத்தைத் தொடங்கினார். டால்வொர்த்தில் இயங்கிய அந்த நிறுவனத்தின் கார்களில் திட முன் அச்சும் கால்நீள்வட்ட முன் வில்பட்டைகளும் இருந்தன. பிறர் தனித்தனி முன்சக்கரத் தொங்கலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் இளமையில் கற்றதையே மெருகேற்றினார். 1949ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எச்.ஆர்.ஜி. தன் பிரிவை வென்றது. எடை குறைவாக இருந்தால் சிறு என்ஜின் போதும் என்ற 1910ஆம் ஆண்டின் கொள்கை அங்கே இன்னும் உயிரோடு இருந்ததற்கு இது சான்று.

உரிம உற்பத்தியையும் மறக்கக் கூடாது. விமான என்ஜின் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான சால்ம்சன், போர் முடிந்து ஆணைகள் வற்றியபோது, 1919இல் ஜி.என். வண்டியை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் சொந்த வடிவமைப்புக்கு மாறி, 1921இல் லே மானில் நடந்த சைக்கிள்கார் கிராண்ட் பிரீயை ஆந்த்ரே லொம்பார் ஓட்ட வென்றது. அதன் கார் உற்பத்தி 1950களின் நடுப்பகுதி தாண்டியும் நடந்தது. சிறு ஆங்கில நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எழுதும்போது, பிரெஞ்சு மொழி ஆவணங்களையும் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

எஞ்சியுள்ள வண்டிகளை மதிப்பிடுதல்

ஜி.என். வண்டிகள் பல, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவில் இன்று இல்லை. எடை குறைவான சேஸி, விருப்பம்போல் மாற்றத்தக்க சங்கிலிகள், கழற்றவும் பூட்டவும் எளிய அமைப்பு ஆகியவற்றால் பந்தயக்காரர்கள் அவற்றைத் தங்கள் படைப்புகளுக்கு அடித்தளமாக்கிக்கொண்டனர். பிரிட்டனில் இவற்றை ஸ்பெஷல் என்பார்கள். பாசில் டேவன்போர்ட்டின் "ஸ்பைடர்" இவற்றுள் முதன்மையானது. ஜி.என். பாகங்களிலிருந்து உருவான அந்த வண்டி, வூஸ்டர்ஷயரின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றத்தில் 1926 முதல் 1928 வரை சாதனைகளைப் படைத்தது. ஜி.என். நிறுவனம் அப்போது இல்லை. 1934இல் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் நடத்தும் போட்டிகளில், விமான என்ஜின் பூட்டிய ஜி.என். சேஸிகளை இன்றும் காணலாம்.

இவற்றை அசல் அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள், அசல் என்று ஏற்றுக்கொண்டும் விடாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சேஸி, என்ஜின், சாய்பல் பெட்டி, முன் அச்சு, உடல் என ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று தயாரித்து, ஒவ்வொன்றும் எப்போது செய்யப்பட்டது, எப்போது இந்த வண்டிக்கு வந்தது என்ற இரண்டு தேதிகளையும் எழுதுங்கள். 1920இன் சேஸியில் 1925இன் என்ஜினும் 1970களில் அடித்த அலுமினிய உடலும் இருப்பது குறையன்று, அதை மறைத்து "1920 ஜி.என்." என்று எழுதுவதுதான் குறை. உரிமையாளரிடம் கேட்கும்போது வண்டியின் வயதைக் கேட்காமல், கடைசியாக எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அதற்கு விடை எளிதாக வரும், அங்கிருந்து ஒவ்வொரு மாற்றமாகப் பின்னோக்கிப் போகலாம். எண் பொறிக்கப்பட்ட இடங்களை அவர் அனுமதியோடு நேராக ஒளிபடும்படி வைத்துப் படமெடுத்து, அந்தப் படத்தையும் அட்டவணையோடு சேர்த்து வையுங்கள்.